மருந்தின் அளவைக் கேட்கும் முன் ஒரு தீக்குச்சியை எடுங்கள்

வாசகரின் கடிதம் நீளமானது. சாரத்தை மட்டும் தருகிறேன். நான்கு ஆண்டுகளாக இத்தாலியத் தேனீ வளர்க்கிறார், பதினோரு பெட்டிகள். ஐந்து மாதத்துக்கு முன், தொழிலை விட்டு விலகும் ஒருவரிடம் மூன்று பழைய பெட்டிகள் வாங்கினார். இரண்டில் தேனீ இருந்தது, மூன்றாவது காலி. "கூட்டம் ஓடிப்போய்விட்டது" என்றாராம் விற்றவர். அந்தக் காலிப் பெட்டியில், மரச் சட்டங்களில் தேனீக்கள் கட்டி முடித்த மெழுகு அடைகள் இருந்தன. அவற்றை வீணாக்க மனமில்லாமல், தம்முடைய பெட்டிகளில் வலுக்குறைந்த நான்கிற்குப் பெட்டிக்கு இரண்டு சட்டமாகப் பிரித்து வைத்தார்.

இப்போது அந்த நான்கில் இரண்டிலும், விலைக்கு வந்த ஒன்றிலும் புழுக்கள் சாகின்றன. மூடிய அறைகள் உள்ளே குழிந்து, சிலவற்றில் ஓட்டை விழுந்திருக்கிறது. பெட்டியைத் திறந்தால் கெட்ட வாடை. விலைக்கு வந்த இன்னொரு கூட்டம் முழுவதும் செத்துவிட்டது. மற்றத் தேனீக்கள் தேனை எடுத்துச் சுத்தம் செய்யட்டும் என்று அதைத் திறந்தே வைத்திருந்தார். அனுபவமுள்ள நண்பர் ஒருவர் வந்து பார்த்து, "இது புழு அழுகல்" என்று சொல்லி டெட்ராசைக்ளின் மாத்திரையைச் சர்க்கரைப் பாகில் கலந்து வைக்கச் சொன்னார். ஒரு வாரம் வைத்ததும் தெளிந்தது. ஒரு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. இனி எத்தனை வேளை மருந்து? நோய்க் கூட்டத்தை நல்ல கூட்டத்தோடு சேர்த்துக் காப்பாற்றலாமா? பெட்டியை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்தால் போதுமா? தேனை விற்கலாமா? பக்கத்தில் தேனீ வளர்ப்பவரிடம் சொல்லித்தான் ஆகவேண்டுமா? விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? இவை அவருடைய கேள்விகள். போகிற போக்கில், "உண்ணித் தொல்லை எங்கள் பெட்டிகளில் இல்லை, ஒன்றுகூடக் கண்ணில் பட்டதில்லை" என்றும் எழுதியிருக்கிறார்.

உங்கள் ஆறு கேள்விகளில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது: இது என்ன நோய்? நண்பர் "புழு அழுகல்" என்றார், நீங்களும் அதோடு நிறுத்திக்கொண்டீர்கள். அந்தப் பெயரில் இரண்டு நோய்கள் உண்டு. ஐரோப்பியப் புழு அழுகலில் பெரும்பாலும் கூட்டத்தைக் காப்பாற்றிவிடலாம். அமெரிக்கப் புழு அழுகலில் கூட்டத்தைப் பெட்டியோடு எரிக்க வேண்டிவரலாம். பெயரில் இருக்கும் நாட்டுக்கும் நோய் இருக்கும் இடத்துக்கும் சம்பந்தமில்லை, இரண்டும் உலகெங்கும் இருக்கின்றன.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் என் சந்தேகம் அமெரிக்க வகையின் பக்கம்தான் சாய்கிறது. குழிந்து ஓட்டை விழுந்த மூடி, விலைக்கு வந்த கூட்டத்திலும் பழைய அடை போன பெட்டிகளிலும் மட்டும் நோய், மருந்தை நிறுத்தியதும் திரும்பியது எல்லாம் அதற்குப் பொருந்துகின்றன. ஆனாலும் சந்தேகத்தை நம்பி யாரும் பெட்டியை எரிக்கக் கூடாது. உறுதிசெய்யும் வழியைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் இன்றைக்கே செய்ய வேண்டியவை சில உண்டு.

இன்று மாலைக்குள்

செத்த கூட்டத்தின் பெட்டியை ஒரு தேனீகூட நுழைய முடியாதபடி அடையுங்கள். வாசல், மூடிக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள சந்து, வெடித்த மூலை எல்லாவற்றையும் ஒட்டுநாடாவால் மூடுங்கள். அதைத் திறந்து வைத்ததுதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது. இந்த நோய் பரவும் முக்கிய வழிகளில் ஒன்று தேன் திருட்டு. செத்த கூட்டின் தேனைத் தூக்கிச் சென்ற ஒவ்வொரு கூட்டமும் நோய்க்கிருமியையும் சேர்த்தே எடுத்துப் போயிருக்கும். ஆகவே நோய் தெரியும் மூன்றை மட்டுமல்ல, உயிரோடிருக்கும் பன்னிரண்டு கூட்டங்களையும் சந்தேகப் பட்டியலில் வையுங்கள்.

எல்லாப் பெட்டிகளின் வாசலையும் ஒன்றிரண்டு தேனீ நுழையும் அகலத்துக்குச் சுருக்குங்கள். வலுவான கூட்டத்துக்கு வெப்பக் காலத்தில் மட்டும் சற்று அகலமாக விடலாம். இனி ஒரு சட்டம்கூடப் பெட்டி மாறக் கூடாது. கூட்டம் பிரிப்பது, ராணி மாற்றுவது, தேன் எடுப்பது, விற்பது எல்லாம் நிற்க வேண்டும். பெட்டிகளுக்கு எண் எழுதி, காலிப் பெட்டியிலிருந்து வந்த எட்டுச் சட்டங்களும் எந்தெந்த எண்ணில் இருக்கின்றன என்று குறித்துவையுங்கள். ஞாபகத்தை நம்பாதீர்கள், இரண்டு மாதத்தில் கலைந்துவிடும்.

பெட்டிகளைப் பார்க்கும்போது நல்லவற்றை முதலில், நோயுற்றவற்றைக் கடைசியில் திறங்கள். தோல் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, ஒருமுறை போட்டு எறியும் ரப்பர் கையுறை அணியுங்கள். பெட்டி நெம்பும் உளியில் ஒட்டிய மெழுகையும் பிசினையும் சுரண்டி, சலவைச் சோடாக் கரைசலில் தேய்த்துக் கழுவி, தீயில் காட்டுங்கள். தேனீயை அடக்கப் புகை விடும் புகைப்பானின் துருத்தியும் கைபடும் இடம்தான். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

தீக்குச்சிச் சோதனை

நோயுற்ற பெட்டியிலிருந்து புழு அடையுள்ள ஒரு சட்டத்தை எடுத்து, பெட்டிக்குள்ளேயே பிடித்து உதறித் தேனீக்களை விழச் செய்யுங்கள். தேனீ மொய்த்த அடையில் இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது. வெளிச்சம் உங்கள் தோளுக்குப் பின்னிருந்து விழட்டும். நிறம் மங்கி, ஈரம் பூத்தாற்போல் பளபளத்து, உள்ளே குழிந்த அல்லது கிழிந்த மூடியுள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள். தீக்குச்சியின் மருந்தில்லாத முனையை அறைக்குள் விட்டு, இரண்டு சுற்றுக் கலக்கி, மெதுவாக வெளியே இழுங்கள்.

அமெரிக்க வகையானால், செத்த புழு பழுப்பு நிறச் சளிபோல் குச்சியில் ஒட்டி, இரண்டு மூன்று செ.மீ. நீளத்துக்கு நூலாக இழுபட்டுப் பிறகு அறும். தண்ணீராகவோ தயிர்போலத் துண்டாகவோ வந்தால் வேறு காரணம் தேட வேண்டும். ஒரே அறையோடு நிறுத்தாமல் ஐந்தாறு அறைகளில் பாருங்கள். இப்போதுதான் செத்த புழு இழுபடாது, காய்ந்துபோனதும் இழுபடாது. இடைப்பட்ட காலத்தில் மட்டுமே நூல் வரும். குச்சியைத் தரையில் போடாமல் புகைப்பானுக்குள் போட்டு எரித்துவிடுங்கள்.

நூல் வராவிட்டால் செதிலைத் தேடுங்கள். சட்டத்தின் மேற்கட்டை உங்கள் பக்கம் இருக்கும்படி பிடித்து, அறையின் அடிச்சுவர் தெரியும்வரை சாயுங்கள். காய்ந்த புழு அங்கே கறுத்த செதிலாகப் படிந்திருக்கும். அமெரிக்க வகையில் அது கோந்து போட்டதுபோல் ஒட்டியிருக்கும். அறைச் சுவரைப் பிய்க்காமல் எடுக்க முடியாது. ஐரோப்பிய வகையில் ரப்பர்த் துணுக்குபோல் எளிதாக வந்துவிடும். விலைக்கு வந்த காலிப் பெட்டியில் மிச்சமிருக்கும் அடைகளை முதலில் இப்படிப் பாருங்கள். "ஓடிப்போன" கூட்டம் உண்மையில் என்ன ஆனது என்பது அந்த அறைகளில் தெரிந்துவிடலாம்.

செதில் கிடைத்தால் இன்னொரு எளிய சோதனை உண்டு. கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 1 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து, அதில் 3 முதல் 4 மி.லி. அளவை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, செதிலைப் போட்டு, உடல் சூட்டில், அதாவது சுமார் 37 டிகிரி செல்சியசில் வையுங்கள். அமெரிக்க வகைக் கிருமி சுரக்கும் நொதி பாலின் புரதத்தைக் கரைத்துவிடும் என்பதால், பத்து முதல் இருபது நிமிடத்தில் கலங்கல் தெளிந்துவிடும். செதில் போடாத இன்னொரு குழாயையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

எது தெரிந்தாலும் ஆய்வக முடிவும் வேண்டும். மிக மோசமான பகுதியில் 10 செ.மீ. சதுரமாக அடையை வெட்டுங்கள், தேன் உள்ள பகுதி வேண்டாம். காகிதத்தில் சுற்றி அட்டைப் பெட்டியில் அனுப்புங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டால் பூஞ்சை பிடித்து மாதிரி கெட்டுவிடும். பெட்டி எண், மாதிரி எடுத்த தேதி, டெட்ராசைக்ளின் கொடுத்த நாட்கள் ஆகியவற்றைக் கட்டாயம் எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதை மறைத்தால் முடிவு தப்பாக வர வாய்ப்பு அதிகம்.

அழுகல்போலத் தோன்றும் மற்றவை

ஐரோப்பியப் புழு அழுகலில் புழு பெரும்பாலும் நான்கைந்து நாள் வயதில், மூடி போடும் முன்பே சாகும். வெள்ளையாகச் சுருண்டு கிடக்க வேண்டிய புழு முறுக்கிக்கொண்டு, உருகினாற்போல் மஞ்சளாகிப் பிறகு பழுப்பாகும். வாடை புளிப்பாக இருக்கும். பூந்தூள் குறைந்து, புழுவுக்கு ஊட்டும் செவிலித் தேனீக்கள் போதாத சமயத்தில் தலைகாட்டும். உங்கள் பெட்டிகளில் மூடிய அறைகளில்தான் அதிகம் சாகின்றன என்கிறீர்கள். இந்த வேறுபாட்டை மறுபடி கவனமாகப் பாருங்கள்.

பைப்புழு நோய் வைரசால் வருவது. மூடிய பிறகு, புழு நிமிர்ந்து கிடந்த நிலையில் சாகும். தலை முதலில் கறுத்து மேல்நோக்கி வளைந்திருக்கும். இடுக்கியால் எடுத்தால் தண்ணீர் நிரம்பிய பைபோல் முழுதாக வரும், வாடை இருக்காது. இத்தாலியத் தேனீயில் இது பெரும்பாலும் தானே அடங்கிவிடும். இந்தியத் தேனீயின் கதை வேறு. தாய்லாந்தில் 1976-இல் அறியப்பட்ட வகை, 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதியை அழித்துவிட்டது. வைரசுக்கு டெட்ராசைக்ளின் எந்த வகையிலும் உதவாது. சுண்ணாம்புப் புழு நோயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: பூஞ்சையால் செத்த புழு சுண்ணாம்புக் கட்டிபோல் இறுகி, சட்டத்தை ஆட்டினால் கலகலக்கும்.

இனி, நீங்கள் இல்லை என்று சொன்ன உண்ணி. வரோவா உண்ணி கண்ணில் படாதது, அது இல்லை என்பதற்குச் சான்றாகாது. ஒன்றரை மி.மீ. அகலமுள்ள அந்தச் செந்நிற உண்ணி, தேனீயின் வயிற்றடித் தகடுகளுக்கு நடுவில் பதுங்கியிருக்கும். புழு வளர்க்கும் காலத்தில் பெரும்பகுதி மூடிய அறைகளுக்குள் இருக்கும். வெளியே தேனீயின் முதுகில் கண்ணால் பார்க்கும் நிலை வந்தால், பெரும்பாலும் காலம் கடந்துவிட்டது என்று பொருள். உண்ணி மிகுந்த கூட்டத்தில் புழுக்கள் சரிந்து கிடக்கும், மூடிகள் கடிக்கப்பட்டிருக்கும்; பார்த்தால் அழுகல் நோய் போலவே தோன்றும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

எண்ணிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ராணி இல்லாத புழு அடையிலிருந்து அரைக் கோப்பை, அதாவது சுமார் 120 மி.லி. அளவுத் தேனீயை ஒரு ஜாடியில் எடுங்கள். ஏறத்தாழ 300 தேனீக்கள் இருக்கும். மூடியில் 3 மி.மீ. கண்ணுள்ள வலை பொருத்தி, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரைத் தூளை அதன் வழியே போட்டு, ஒரு நிமிடம் உருட்டுங்கள், இரண்டு நிமிடம் வையுங்கள். பிறகு வெள்ளைத் தட்டில் ஒரு நிமிடம் வேகமாகக் கவிழ்த்து உலுக்குங்கள். தட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் சர்க்கரை கரைந்து உண்ணிகள் தெரியும். ஒன்பது இருந்தால் நூற்றுக்கு மூன்று; அந்த அளவில் உண்ணிக்கு மருந்து வேண்டும். தேனீக்களைத் திரும்பப் பெட்டியில் விட்டுவிடலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் தனி ஜாடி வையுங்கள், அல்லது ஒவ்வொரு முறையும் சோடாவில் கழுவுங்கள்.

மருந்து ஏன் கைவிட்டது

அமெரிக்க வகையை உண்டாக்கும் பேனிபேசில்லஸ் லார்வே என்ற பாக்டீரியாவுக்கு இரண்டு நிலைகள் உண்டு: வளரும் நிலை, ஸ்போர் என்னும் உறங்கும் நிலை. பொரித்து ஒரு நாள்கூட ஆகாத புழுவுக்குப் பத்துக்குள் ஸ்போர்கள் போதும். செவிலித் தேனீ ஊட்டும் உணவோடு அவை போய்க் குடலில் முளைத்துப் பெருகிப் புழுவைக் கொன்றுவிடுகின்றன. செத்த புழு காய்ந்த ஒரு செதிலில் ஸ்போர்களின் எண்ணிக்கை நூறு கோடிகளைத் தாண்டும். வளர்ந்த தேனீக்கு நோய் வராது. அது வெறும் சுமைகூலி. செதிலைச் சுத்தம் செய்ய முயன்று, வாயில் ஒட்டியதை அடுத்த புழுவுக்குக் கொடுத்துவிடுகிறது.

டெட்ராசைக்ளின் முளைத்து வளரும் பாக்டீரியாவைத்தான் தடுக்கும். உறங்கும் ஸ்போரை அது தொடுவதே இல்லை. பாகில் மருந்து இருந்தவரை புதிய புழுக்கள் பிழைத்தன, அடை சீராகத் தெரிந்தது. மருந்து தீர்ந்ததும் அதே அடையிலிருந்த ஸ்போர்கள் வேலையைத் தொடங்கின. நீங்கள் அளவைத் தவறாகக் கொடுத்ததால் அது திரும்பவில்லை. சரியாகக் கொடுத்திருந்தாலும் திரும்பியிருக்கும். இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மருந்தால் தெளிந்ததுபோல் தெரியும் பெட்டியிலிருந்து சட்டம் எடுத்து மற்றதில் வைப்போம்; நோய் சத்தமில்லாமல் பண்ணை முழுவதும் போய்விடும்.

இனி எத்தனை வேளை என்று கேட்டீர்கள். ஒரு வேளையும் வேண்டாம். டெட்ராசைக்ளினுக்கு மசியாத கிருமி வகைகள் பல நாடுகளில் வந்துவிட்டன. பாகில் கலந்த மருந்தைத் தேனீக்கள் தேனோடு சேர்த்து அடையில் வைத்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தேனில் இந்த மருந்தின் எச்சத்துக்கு அனுமதி அளவே வகுக்கப்படவில்லை. அமெரிக்காவில் 2017 ஜனவரியிலிருந்து கால்நடை மருத்துவரின் சீட்டு இல்லாமல் தேனீக்குக் கொடுக்க முடியாது.

நோய் உறுதியானால்

உலக விலங்கு நல அமைப்பின் பட்டியலில் உள்ள ஆறு தேனீ நோய்களில் இந்த இரண்டு அழுகல்களும் அடங்கும். வரோவாவும் அதில்தான் இருக்கிறது. பல நாடுகளில் அமெரிக்க வகையை அரசுக்கு உடனே அறிவிப்பது கட்டாயம். கூட்டத்தை அழிக்கச் சட்டமே சொல்லும். ஆகவே முதல் வேலை, உங்கள் பகுதியில் தேனீக்குப் பொறுப்பான அதிகாரிக்குத் தெரிவிப்பது. அவர் வந்து பார்க்கும் முன் எதையும் எரிக்காதீர்கள். சில இடங்களில் இழப்பீடு கிடைக்கக்கூடும், அதற்கும் அவருடைய பதிவு வேண்டும்.

முடிவு உங்கள் கையில் விடப்பட்டால், மூன்றையும் எரித்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பன்னிரண்டில் மூன்றை இழப்பது வலிக்கும். அந்த மூன்றைக் காப்பாற்றப் போய் பன்னிரண்டையும் இழப்பதுதான் இந்த நோயில் வழக்கமாக நடப்பது.

எல்லாத் தேனீக்களும் கூடு திரும்பிய பிறகு, மாலையில் வாசலை அடையுங்கள். மேல்மூடியைச் சற்று நீக்கி, சோப்புக் கரைசலைத் தாராளமாக ஊற்றினால் தேனீக்கள் சீக்கிரம் மடிந்துவிடும். பெட்ரோலும் பயன்படுத்துகிறார்கள், அதன் ஆவி தரையோடு பரவித் தீப்பிடிக்கும் என்பதால், பழக்கமில்லாதவர் அதைத் தொடாமலிருப்பது நல்லது. அரை மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, சட்டங்களையும் அடைகளையும் செத்த தேனீக்களையும் போட்டு முழுவதும் சாம்பலாகும்வரை எரியுங்கள். தேன் உருகி வழியும்; குழி அதற்காகத்தான். விடியும் முன் முப்பது செ.மீ. மண் போட்டு மூடிவிட வேண்டும், இல்லையென்றால் காலையில் மற்றத் தேனீக்கள் அந்தத் தேனுக்கு வந்து நிற்கும்.

தேனீக்களை மட்டும் புதிய பெட்டிக்கு உதறி மாற்றும் முறையும் இருக்கிறது. சட்டம் அனுமதிக்கும் இடத்தில், வலுவான கூட்டமாகவும் நோய் தொடக்கத்திலும் இருந்தால் அதை யோசிக்கலாம். சுத்தமான பெட்டியில், அடை கட்ட அடித்தளமாகும் புதிய மெழுகுத் தாள் பொருத்திய சட்டங்களை மட்டும் வைத்து, மாலையில் ராணியோடு எல்லாத் தேனீக்களையும் உதறி விடுவார்கள். பழைய அடைகள் முழுவதும் தீக்குப் போகும். தேனீயின் தேன்பையில் இருக்கும் பழைய தேன் புதிய அடையில் சேரும் என்பதால், மூன்று நான்கு நாளில் மறுபடி ஒருமுறை புதுத் தாளுக்கு உதறி, இடையில் கட்டிய அடையையும் எரித்துவிடுவதுண்டு. அதன் பிறகுதான் பாகு வைக்க வேண்டும். உங்கள் மூன்றும் ஏற்கெனவே வலுக்குறைந்தவை. அவை இரண்டு முறை அடை கட்டிப் பிழைக்கும் என்று நான் நம்பவில்லை.

நல்ல கூட்டத்தோடு சேர்ப்பது பற்றிக் கேட்டீர்கள். வலுக்குறைவு ராணியாலோ பசியாலோ வந்திருந்தால் அது நல்ல யோசனை. இங்கே அப்படிச் சேர்த்தால், நல்ல கூட்டத்தின் செவிலிகளிடம் நீங்களே ஸ்போரைக் கொடுப்பதாகும்.

பழைய அடை போயும் இன்னும் நோய் தெரியாத இரண்டு பெட்டிகளில், அந்தச் சட்டங்களை மட்டும் எடுத்து எரியுங்கள். அவற்றோடு மற்ற ஏழையும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, தேனீயை உதறி, புழு அடை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பணித்தேனீ முட்டையிலிருந்து வெளிவர 21 நாள். அப்படி இரண்டு சுற்று, அதாவது 42 நாள், எதிலும் குறி தெரியாவிட்டால் மட்டும் கட்டுப்பாட்டைத் தளர்த்தலாம். அடுத்த பருவத்திலும் இந்தச் சோதனையை விடக் கூடாது.

பெட்டி, மெழுகு, கருவிகள்

வெந்நீரும் வெயிலும் போதாது. கொதிநீரில் சிறிது நேரம் போடுவதை ஸ்போர் தாங்கிவிடும். காய்ந்த அடையில் முப்பத்தைந்து ஆண்டுக்கும் மேல் உயிரோடிருக்கும். சட்டங்களையும் அடைகளையும் மிச்சம் வைக்க நினைக்காதீர்கள். நல்ல நிலையில் உள்ள மரப் பெட்டி, அடிப்பலகை, மூடி ஆகியவற்றை மட்டும் மீட்கலாம். முதலில் மெழுகையும் பிசினையும் முழுவதும் சுரண்டுங்கள், சுரண்டல் விழக் கீழே செய்தித்தாள் விரித்து, அதையும் எரியுங்கள். பிறகு சுடர் பீய்ச்சும் தீவிளக்கால் உட்புறம் முழுவதும் ஒரே சீராகப் பழுப்பேறும்வரை சுட வேண்டும். மூலை, இணைப்பு, சட்டம் உட்காரும் விளிம்பு ஆகியவைதான் பெரும்பாலும் தப்பிப்போகும் இடங்கள். உளுத்த, வெடித்த பெட்டியை இதற்காக மெனக்கெடாமல் குழியிலேயே போட்டுவிடுங்கள். 160 டிகிரி பாரபின் மெழுகில் பத்து நிமிடம் முக்கும் முறையும், காமா கதிர் செலுத்தும் முறையும் நம்பகமானவை. முதலாவது தீ விபத்துக்கு இடமுள்ளது, வசதியும் பழக்கமும் இருப்பவர்களுக்கு மட்டும்.

இந்தக் கூட்டங்களின் மெழுகை உருக்கி அடை கட்டும் தாள் செய்யக் கூடாது. சாதாரணமாக உருக்கும் சூட்டில் ஸ்போர் சாகாது. அடைகளுக்கு அசெட்டிக் அமில ஆவி காட்டும் வழக்கம் நோசிமா என்னும் தேனீக் குடல் நோய்க்கும் மெழுகு அந்துக்கும் உதவும், இதற்கு உதவாது.

தேன்

இந்தப் பாக்டீரியா மனிதருக்கு எந்தத் தீங்கும் செய்யாது. சிக்கல் நீங்கள் கொடுத்த மருந்தில்தான். டெட்ராசைக்ளின் வைத்த பெட்டிகளின் தேனை விற்காதீர்கள், வீட்டிலும் பயன்படுத்தாதீர்கள். எரிக்கும் பெட்டிகளில் இருப்பது அவற்றோடு போகட்டும். மருந்து படாத, நோய் தெரியாத பெட்டிகளின் தேனை, மேலே சொன்ன 42 நாள் கட்டுப்பாடு முடிந்த பிறகு எடுக்கலாம். ஆனால் தேன் எடுக்கும் இயந்திரத்தில் சுற்றிய ஈரச் சட்டங்கள், வந்த பெட்டிக்கே திரும்ப வேண்டும். கழுவிய தண்ணீரையும் காலி டப்பாக்களையும் திறந்த வெளியில் வைக்காதீர்கள். தேனீக்குத் தீவனமாகத் தேன் எதையும், விலைக்கு வாங்கியதானாலும், இனி வைக்காதீர்கள். வெள்ளைச் சர்க்கரைப் பாகு மட்டும் போதும்.

பக்கத்துக்காரரும் விற்றவரும்

தெரிவிக்கத்தான் வேண்டும். தேனீ மூன்று கி.மீ.க்கு மேலும் பறக்கும். நீங்கள் திறந்து வைத்த பெட்டியிலிருந்து அவருடைய தேனீக்களும் தேன் எடுத்திருக்கலாம். அவர் பெட்டியில் நோய் தங்கினால் அடுத்த பருவத்தில் அது உங்களுக்கே திரும்பி வரும். பெயர் கெடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. நோய் வந்ததை மறைத்தவர் என்ற பெயர் அதைவிட மோசமாகக் கெடும். "இன்ன தேதியில் சந்தேகம் வந்தது, மாதிரி அனுப்பியிருக்கிறேன், உங்கள் புழு அடைகளை உதறிப் பாருங்கள்" என்று சொன்னால் போதும். மருந்து சொன்ன நண்பரிடமும் பேசுங்கள். உங்கள் பெட்டியைத் திறந்த அதே கையோடு, அதே உளியோடு அவர் தம் பெட்டிகளுக்குப் போயிருந்தால் அவரும் பார்க்க வேண்டும்.

விற்றவருக்கு இது தெரிந்திருந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. தொடக்கத்தில் அனுபவசாலிகளுக்கே இது தப்பிவிடும். ஐந்து மாதம் ஆகிவிட்டதால், நோய் உங்களிடமிருந்தே வந்தது என்று அவர் வாதிடலாம். அதற்கு எதிராக உங்களிடம் இருக்கும் வலுவான சான்று, காலிப் பெட்டியில் இன்னும் பயன்படுத்தாமல் கிடக்கும் அடைகள். அவற்றில் செதில் இருந்தால், எரிக்கும் முன் தேதியோடு படம் எடுத்து, தனி மாதிரியாக ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பணம் கொடுத்த சீட்டு, பேசிய குறுஞ்செய்திகள், ஆய்வக அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு, உங்கள் ஊர்ச் சட்டம் அறிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். பணம் கிடைக்கிறதோ இல்லையோ, விற்றவருக்கும் தகவல் சொல்லுங்கள். மிச்சப் பெட்டிகள் வேறு யாரிடம் போயின என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஆய்வகம் ஐரோப்பிய வகை என்று சொன்னால், அங்குள்ள சட்டம் அழிக்கச் சொல்லாதவரை, எரிக்க வேண்டியதில்லை. ஓரளவு தேனீயுள்ள கூட்டத்தைப் புதுத் தாளுக்கு ஒருமுறை உதறி, இளம் ராணி கொடுத்து, பாகு வைத்தால் பெரும்பாலும் மீளும். அங்கேயும் பழைய அடைகள் போகத்தான் வேண்டும். உண்ணி எண்ணிக்கைதான் அதிகம் என்று தெரிந்தால் வழி வேறு. பெட்டிக்குப் பெட்டி எண்ணிய கணக்கோடும், புழு அடை எவ்வளவு இருக்கிறது என்ற குறிப்போடும் எழுதுங்கள். உண்ணி மருந்துகளில் ஆக்சாலிக் அமிலம் மூடிய அறைக்குள் போகாது, பார்மிக் அமிலம் போகும். எதை எப்போது என்பதை அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். முடிவு "எதுவும் இல்லை" என்று வந்தாலும் உடனே நிம்மதியடையாதீர்கள். மருந்தின் நிழல் அடையில் இன்னும் இருக்கலாம். இரண்டு மூன்று வாரம் விட்டு, மருந்தே படாத புதிய புழுக்கள் மூடப்பட்ட பிறகு, அதே பெட்டிகளிலிருந்து இன்னொரு மாதிரி அனுப்புங்கள். அதுவரை வாசல்கள் சுருங்கியே இருக்கட்டும்.